கூச்சப்படும் கேள்வியை யார் கேட்பது?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, பார்மசி கல்லூரியில் பாடம் நடத்துவது எப்படி என்று என்னைக் கேட்கிறீர்கள். ஓய்வு பெற்றவளிடம் கேட்டால் ஓயாமல் பேசுவாள் என்பது உங்களுக்குத் தெரியாதா? சரி, கேட்டுவிட்டீர்கள். மாட்டிக்கொண்டீர்கள்.

முடக்குவாதப் பாடம் எனக்கு எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்து அமையும். டைம்டேபிள் போடுகிறவருக்கு என்மேல் என்ன கோபமோ தெரியாது. வகுப்பில் பாதிப் பேர் சாம்பார் சாத மயக்கத்தில் இருப்பார்கள். நான் மெத்தோட்ரெக்சேட் என்று மாத்திரையின் பெயரைச் சொன்னால் அவர்களுக்குத் தாலாட்டு மாதிரி கேட்கும். ஆனால் பரீட்சையில் மட்டும் புட்டுப் புட்டு வைப்பார்கள். 'இந்த மாத்திரை வாரம் ஒரு முறை மட்டுமே. தினமும் போட்டால் ஆபத்து' என்று அடிக்கோடு போட்டு எழுதுவார்கள். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கடையிலிருந்து மிட்டாய் வாங்கி வந்து ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தேன். வெள்ளை மிட்டாய் தினம் ஒன்று. ஆரஞ்சு மிட்டாய் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் ஒன்றே ஒன்று. "இதுதான் உங்கள் மாத்திரை. நீங்கள்தான் நோயாளி. ஒரு மாதம் சரியாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றேன்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால், வகுப்பே கவிழ்ந்து கிடந்தது. பொட்டலம் முழுவதையும் ஒருவன் ஆவடி போகும் பஸ்ஸிலேயே நண்பர்களுக்குப் பங்கு போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போனதில் ஒருத்திக்கு மறந்தே போய்விட்டது. "ஞாயித்துக்கிழமை வூட்டுல பிரியாணி மேடம், அதோட மாத்திரை வாணாம்னு வெள்ளிக்கிழமையே போட்டுட்டேன்" என்றான் இன்னொருவன். இவர்கள்தான் அடிக்கோடு போட்டு எழுதியவர்கள்! வகுப்பு முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. அன்று ஒருவர்கூடத் தூங்கவில்லை. இனி ஸ்லைடு போடுவதில்லை என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

அடுத்தபடியாக, மாத்திரை வாங்க வருகிறவரிடம் பேசிப் பழக வேண்டும். அதற்கு நோயாளிகள் வேண்டும். நிஜ நோயாளிகளை இவர்களிடம் ஒப்படைக்க எனக்குத் தைரியம் இல்லை. நான் குடியிருந்தது கோவில்பதாகையில். என் கணவர் ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதால் குவார்ட்டர்ஸ் பெண்கள் பலர் எனக்குப் பழக்கம். தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். ஆண்டு விழா என்றால் ஆளாளுக்கு நாடகம் போடுவார்கள். அவர்களில் சிலரை நோயாளியாக நடிக்கக் கூப்பிட்டேன். ஆளுக்கொரு அட்டையில் கதை எழுதிக் கொடுத்தேன். பெயர், வயது, எங்கே வலி, என்ன மாத்திரை, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது எது என்றெல்லாம் அதில் இருக்கும்.

சரோஜா அக்கா என்று ஒருவர் வந்தார். அவருக்குக் கொடுத்தது சாதாரண முட்டிவலி. அவரோ உள்ளே நுழையும்போதே "ஐயோ அம்மா" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மாத்திரையைப் பற்றிக் கேட்ட மாணவியிடம், தன் பையன் வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக அழுது ஆர்ப்பாட்டம் செய்தார். அவருக்குப் பையனே கிடையாது. இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் எப்போதோ கல்யாணம் ஆகிவிட்டது. பாவம் அந்த மாணவி, மாத்திரையை விட்டுவிட்டுச் சம்பந்தம் பேசி முடித்துவைத்தாள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

இந்த விளையாட்டில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். அந்த வாராந்திர மாத்திரை கருவில் இருக்கும் குழந்தைக்குக் கெடுதல். அதனால் வயதுப் பெண்ணுக்கு அதைக் கொடுக்கும்போது குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று கேட்டாக வேண்டும். பையன்களுக்கு அது வாயில் வராது. தொண்டையைக் கனைப்பார்கள், பேனாவைக் கீழே போட்டு எடுப்பார்கள், பக்கத்தில் இருக்கும் மாணவியின் காலை மிதிப்பார்கள். பெண்களும் சளைத்தவர்கள் இல்லை. 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்று பொதுவாகக் கேட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். உங்களுக்கு எந்தக் கேள்வி கூச்சமாக இருக்கிறதோ, அதைத்தான் அவரும் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருப்பார் என்று நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன்.

மாசி மாதத்தில் செய்முறைத் தேர்வு வந்தது. இதே நாடகத்துக்கு மதிப்பெண் போட வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். கையில் கடிகாரம், மேஜையில் மணி. எட்டு நிமிடம் ஆனதும் மணியைத் தட்டுவார். கல்லூரிப் பாடத்தில் கூத்து நடக்கிறது என்று முதல்வர் காதுக்குப் புகார் போயிருந்தது. அதனால் தேர்வாளர் முகத்தைப் பார்த்துப் பார்த்து நானும் கொஞ்சம் பதற்றமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

சீனுவின் முறை வந்தது. வெள்ளானூர்ப் பையன். தாத்தா காலத்தில் அந்த ஊரில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிறார். சீனு வகுப்பில் வாயே திறக்க மாட்டான். அவன் பேசும் பேச்சைக் கேட்டு முதலாண்டில் யாரோ ஓர் ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்துவிட்டாராம். அதிலிருந்து அவன் கல்லூரிக்குள் வந்தால் செய்தி வாசிப்பவர் மாதிரிதான் பேசுவான். அவன் எதிரில் நோயாளியாக உட்கார்ந்தவர் முத்துலட்சுமி. விருதுநகர்ப் பக்கத்துப் பெண், கல்யாணமாகிக் குவார்ட்டர்ஸுக்கு வந்து சில வருஷம் ஆகிறது. அவர் கணவர் தொழிற்சாலையில் வெல்டர். முத்துலட்சுமி ரொம்ப அமைதியானவர். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேதான் இருப்பார். அதைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன். முடக்குவாதத்துக்கு வாராந்திர மாத்திரை சாப்பிடும் இளம் மனைவி, கேட்டால் மட்டும் 'குழந்தை ஆசை உண்டு' என்று சொல்ல வேண்டும் என்ற அட்டையை அவருக்குக் கொடுத்திருந்தேன்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். "தாராளமா எழுதுங்க மேடம், ஆனா நான் அழுததக் கொஞ்சம் கம்மியாப் போடுங்க" என்றார்.)

சீனு மாத்திரையைப் பற்றியெல்லாம் சரியாகச் சொன்னான். பிறகு அந்த இடம் வந்தது. கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, "அம்மையீர், தாங்கள் கருத்தரிக்கும் எண்ணம் ஏதேனும் கொண்டுள்ளீர்களா?" என்று கேட்டான்.

அறையே சிரிப்பில் வெடித்தது. தேர்வாளரே வாயைப் பொத்திக்கொண்டார். முத்துலட்சுமியும் சிரித்துவிட்டார். சீனுவின் காது சிவந்துபோயிற்று. எழுந்து ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஆனால் முத்துலட்சுமி சிரித்ததைப் பார்த்து அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை ஒரு இழுப்பு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. கொயந்த பெத்துக்கணும்னு ஆசப்பட்டுகினு கீறியா?"

அட்டைப்படி முத்துலட்சுமி சொல்ல வேண்டியது, ஆமாம் என்ற ஒரே வார்த்தை.  அவர் சிரிப்பு மெல்ல நின்றது.

"ஆசை இருக்கு தம்பி. அதான் மாத்திரைய நிறுத்திப்புட்டேன். தீபாவளிக்கு முன்னமே நிறுத்திட்டேன். வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை ஆனா அவர் மாத்திரையும் தண்ணியும் கொண்டாந்து கையில குடுப்பாரு. போடுற மாதிரி பண்ணிட்டு, பொறவு வாஷ்பேசின்ல போட்டுருவேன்."

இது அட்டையில் இல்லை. சரோஜா அக்கா பின்வரிசையிலிருந்து, "அப்படிப் போடு! என்னமா நடிக்கிறா பாரு!" என்று கை தட்டினார். வகுப்பும் கை தட்டியது. நானும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். அடுத்த சரோஜா அக்கா தயாராகிவிட்டார் என்று.

அப்போதுதான் முத்துலட்சுமி முந்தானையை விலக்கிக் கைகளை மேஜைமேல் வைத்தார். விரல் கணுக்கள் எல்லாம் வீங்கிப் பளபளவென்று இருந்தன. மோதிரத்தைக் கழற்றிய இடத்தில் தழும்பு. தேர்வாளர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெரியாது. எனக்குத் தெரிந்தது. சீனுவுக்கும் தெரிந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இட்லித் துணியப் பிழிய முடியல தம்பி" என்றார் முத்துலட்சுமி, தணிந்த குரலில். "காலைல எந்திரிச்சா விரல மடக்க முடியல. நாலஞ்சு மாசமாத் தாங்கிட்டேன். கொழந்தையும் நிக்கல, கையும் போச்சு. இனிமே முடியாது. பழைய மாத்திரை பீரோவுல இருக்கு. இன்னைக்கு ராத்திரியே மறுபடி ஆரம்பிச்சிரவா? நீயே சொல்லு."

உங்களுக்கு இது புரிய வேண்டும். தேர்வாளர் கையில் இருந்த தாளில், 'மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட அறிவுறுத்தினாரா?' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மதிப்பெண் உண்டு. சீனு 'ஆமாம், ஆரம்பியுங்கள்' என்று சொன்னால் போதும், பாஸ். மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். அந்தப் பெண்ணோ வீட்டுக்குப் போய் அவன் சொன்னபடியே செய்வதற்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் ஒரு வகுப்பே வேடிக்கை பார்க்கிறது.

நான் எழுந்தேன். "சமோசா வந்துவிட்டது! எல்லோரும் கேன்டீனுக்குப் போங்கள், ஆறிவிடும்!" என்று கத்தினேன். சமோசா வருவதற்கு நேரம் இருந்தது. ஆனால் சமோசா என்ற சொல்லுக்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை. வகுப்பு காலியாகிவிட்டது, சரோஜா அக்கா முதல் ஆளாக.

தேர்வாளர் மட்டும் அசையவில்லை. "மேடம், இன்னும் மணி அடிக்கலையே?"

"சார், சமோசாவுக்கு மணி கிடையாது. நீங்கள் போகாவிட்டால் பிள்ளைகள் உங்களுக்கு வைக்க மாட்டார்கள்" என்று அவரைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

உள்ளே நாங்கள் மூன்று பேர். எனக்கு நாக்கு துருதுருத்தது. இத்தனை வருஷம் பேசியே பிழைத்தவள் அல்லவா? ஆனால் முத்துலட்சுமி கேட்டது என்னை இல்லை. அவர் கண் சீனுவின் மேல்தான் இருந்தது. நான் பேசினால் மேடம் பேசுவதாகிவிடும், அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டேன். அவன் தப்பாக ஏதாவது சொன்னால் மட்டும் குறுக்கே விழுவது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

 சீனு உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, அந்த மாத்திரையத் தொடாத. மொதல்ல இன்னொண்ணு கேக்கணும். எனுக்கும் கூச்சமாத்தான் கீது. உனுக்கும் இருக்கும். கேட்டுர்றேன். நாள் ஏதாச்சும் தள்ளிப் போயிருக்குதா?"

முத்துலட்சுமி அவனையே பார்த்தார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "எனக்கு எப்பவுமே முன்னப் பின்னத்தான் வரும்" என்றார். பிறகு, "பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப வந்தது..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, வீங்கிய விரலால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வலி வலி என்று வலியை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்ததில் நாளை எண்ண மறந்துவிட்டிருந்தார்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்துர்லாமாக்கா?" என்றான் சீனு. அவர் தலையாட்டினார். "நானே போய் வாங்கியாறேன் மேடம்" என்று அவன் வாசல் வரை பாய்ந்தான். அங்கே போனதும் சடாரென்று நின்றுவிட்டான். பஸ் நிறுத்தத்தில் இருக்கும் மெடிக்கல் ஷாப்புக்காரர் அவன் அப்பாவோடு படித்தவர். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. "நான் போகட்டுமா?" என்றேன். "வாணாம் மேடம், நீங்க அக்கா கூட இருங்க" என்று ஓடிவிட்டான்.

பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. "'யாருக்குடா?'ன்னு கேட்டாரு மேடம். காலேஜ் பிராக்டிக்கலுக்குன்னு சொன்னேன். பொய் இல்லையே?"

அவன் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டான். முத்துலட்சுமியை லேடீஸ் ஸ்டாஃப் ரூமுக்குக் கூட்டிப் போனேன். அவர் பாத்ரூமிலிருந்து வெளியே வந்து அந்தப் பட்டையை என்னிடம் நீட்டினார். இரண்டு கோடு. நான் படித்த படிப்பையெல்லாம் மறந்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் அழுதார். (கம்மியாகப் போடச் சொன்னதால் இதோடு விடுகிறேன்.) நான் அழுததற்கு அவர் ஒன்றும் கட்டளை போடவில்லை. நன்றாகவே அழுதேன்.

சீனுவைக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, "யக்கா!" என்று ஒரு குதி குதித்தான். உடனே நிதானத்துக்கு வந்தான். "இப்ப கேட்டுக்கோ. இன்னிக்கு நீ அந்த மாத்திரைய போட்டிருந்தா..." என்று தொடங்கியவன், அவர் முகத்தைப் பார்த்து அதை அப்படியே விழுங்கினான். "நல்லவேள, கேட்ட. நாளைக்கே டாக்டராண்ட போ. எப்ப நிறுத்துனன்னு உள்ளதச் சொல்லு, மறைக்காத. கொயந்தைக்கு ஆவாதது இல்லாம வேற மருந்து கீது, அவர் பாத்துத் தருவாரு. அதுவரிக்கும் வலிக்குதுன்னு கடையில நீயா எதையும் வாங்கிப் போட்டுக்காத. எத வாங்குறதா இருந்தாலும் கேட்டுட்டு வாங்கு."

நான் குறுக்கே விழத் தேவையே வரவில்லை. ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, ஒரு வார்த்தை குறைச்சல் இல்லை. தேர்வாளர் தாளில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

"எங்க வீட்டுக்காரருக்கு நான்தான் மொதல்ல சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருகிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, முத்துலட்சுமி சரோஜா அக்காவுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

சமோசா தின்று முடித்து எல்லோரும் வந்தார்கள். தேர்வாளர் மீசையில் துகள் ஒட்டியிருந்தது. "சரி, நோயாளிக்கு என்ன ஆலோசனை சொன்னாய்?" என்று கேட்டார்.

சீனு எழுந்து நின்றான். "அதைச் சொல்ல இயலாது சார்." மறுபடியும் செய்தி வாசிப்பவர் ஆகிவிட்டான்.

"ஏன்?"

"அது அவர்களுடைய சொந்த விஷயம் சார்."

"அட, அந்தம்மா நடிக்க வந்தவங்கப்பா! என்ன சொந்த விஷயம்?"

சீனு பதில் பேசவில்லை. நானும்தான். நான் வாயைத் திறந்தால் அவனைக் காப்பாற்றலாம், ஆனால் அவன் காப்பாற்றிக்கொண்டிருப்பதை உடைத்துவிடுவேன். தேர்வாளர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, முடிக்கவில்லை என்று எழுதிப் பூஜ்யம் போட்டார். என் மாணவர்களில் பதக்கம் வாங்கியவர்கள் உண்டு, வெளிநாடு போனவர்கள் உண்டு. அன்று அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து எனக்கு வந்த பெருமை வேறு எதற்கும் வந்ததில்லை.

மறுதேர்வில் அவனுக்கு வாய்த்த நோயாளி சரோஜா அக்கா. இந்த முறை இல்லாத மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சீனு அவளைத் திரும்பக் கூட்டி வந்து, முட்டிவலிக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லி, மணி அடிப்பதற்குள் பாஸ் செய்துவிட்டான். எங்கள் கூத்து தொடரலாமா என்று முதல்வர் ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்டார். இந்தப் பாடத்தில் இப்போது எவனும் தூங்குவதில்லை என்றேன். அது போதுமானதாக இருந்தது.

முத்துலட்சுமிக்கு டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். கர்ப்ப காலத்தில் பலருக்கு இந்த வலி தானாகவே தணியும் என்று பாடத்தில் உண்டு. மாதம் ஏற ஏற அவருக்கும் தணிந்தது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தபோது விரலை மடக்கி விரித்துக் காட்டினார். ஆள் கூட்டத்தில் வேறு எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு வலி திரும்பி வரலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள், அதே பிள்ளைகள் இறுதியாண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, வாசலில் ஒருவர் வந்து நின்றார். தொழிற்சாலைச் சட்டையோடு, ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். கையில் ஊரிலிருந்து வரவழைத்த பால்கோவா பெட்டி. "மேடம், எங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்கா. இந்த வகுப்புக்குக் குடுத்துட்டு வரச் சொன்னா முத்துலட்சுமி" என்றார். ஏன் என்று அவரும் விளக்கவில்லை. பெட்டியை மேஜையில் வைத்தவர், நேராக மூன்றாவது பெஞ்சுக்குப் போய் சீனுவின் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போனார்.

பெட்டி பெஞ்சு பெஞ்சாகப் போயிற்று. பக்கத்தில் இருந்தவன் சீனுவின் விலாவில் இடித்தான். "டேய் மச்சான், அவுங்க ஊட்டுல கொயந்த பொறந்ததுக்கு நமக்கு இன்னாத்துக்குடா ஸ்வீட்டு? உன் கைய வேற குலுக்கினு போறாரு?"

சீனு பால்கோவாவை வாய் நிறையப் போட்டுக்கொண்டான்.

"எனுக்கு இன்னாடா தெரியும்? துன்னு."